காபி கலந்த ஐபிஏ பீர்: ரெண்டு கசப்பும் ஒரே கிளாஸில் சேர்ந்தால் என்ன ஆகும்? ஏன் இவ்வளவு சண்டை?

காபியும் கசப்பு. பீரும் கசப்பு. ரெண்டையும் ஒண்ணா கலந்தால்?

"சூப்பர் காம்பினேஷன்" என்கிறது ஒரு கூட்டம். "நல்ல காபியும் போச்சு, நல்ல பீரும் போச்சு" என்கிறது இன்னொரு கூட்டம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிராஃப்ட் பீர் தயாரிப்பவர்கள், குடிப்பவர்கள் மத்தியில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் விவாதம் இது. அந்த பானத்துக்கு பெயர் காபி ஐபிஏ.

கேட்க வெறும் ருசி சண்டை மாதிரி தெரியலாம். ஆனால் இதற்குள் கொஞ்சம் வரலாறு இருக்கிறது, கொஞ்சம் வேதியியல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே உடல்நலம் சம்பந்தப்பட்ட ஒரு முக்கியமான கேள்வியும் இருக்கிறது: காபி சேர்ந்தால் போதை குறையுமா?

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஐபிஏ என்றால் என்ன? அதில் "இந்தியா" எப்படி வந்தது?

ஐபிஏ என்பது "இந்தியா பேல் ஏல்" என்பதன் சுருக்கம். ஆமாம், நம்ம இந்தியாதான். ஆனால் இது இந்தியாவில் பிறந்த பீர் கிடையாது.

பீருக்கு அடிப்படையாகத் தேவைப்படுவது நான்கு பொருட்கள்: தண்ணீர், மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய பார்லி, ஈஸ்ட், ஹாப்ஸ். இதில் ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. தாவரவியல்படி கஞ்சா செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் கஞ்சா போல போதை தரும் பொருள் அல்ல. பீருக்கு கசப்பையும் மணத்தையும் தருவது இதுதான். பீர் சீக்கிரம் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதும் இதுதான்.

18-ம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கு லண்டனில் இருந்த போ ப்ரூவரியின் ஹாட்சன் என்பவர், கிழக்கிந்திய கம்பெனி கப்பல்களின் கேப்டன்களுக்கு பீர் விற்றார். அது கல்கத்தா, மெட்ராஸ் என்று இங்கே இருந்த ஆங்கிலேயர்களுக்கு வந்து சேர்ந்தது. கப்பல் பயணம் பல மாதங்கள். ஹாப்ஸ் கூடுதலாகப் போட்ட பீர் அந்தப் பயணத்தைத் தாங்கியது. 1820-களில் பர்ட்டன் நகரத்து ப்ரூவரிகளும் இந்த வியாபாரத்தில் இறங்கின. "இந்தியாவுக்குப் போகும் பேல் ஏல்" என்பது காலப்போக்கில் அதன் பெயராகவே ஆகிவிட்டது.

"இந்தியாவுக்காகவே ஹாட்சன் புதுசா கண்டுபிடித்த பீர்" என்று இணையத்தில் பலரும் எழுதுவது சரியல்ல. ஹாப்ஸ் அதிகம் போட்ட பீர் அதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தது. வெயில் நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸை கூட்ட வேண்டும் என்பதும் தெரிந்த விஷயம்தான்.

இன்றைய ஐபிஏ பெரும்பாலும் அமெரிக்க ஸ்டைல். 1972-ல் வெளியான கேஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸ் வகையும், அதை வைத்து சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவிங் 1975-ல் கொண்டுவந்த லிபர்ட்டி ஏலும் இந்தப் பாதையைத் திறந்துவிட்டன. ஆரஞ்சுத் தோல், எலுமிச்சை, மாம்பழம், பைன் மரம் என்று மணம் வீசும் கசப்பு பீர். இதுதான் இப்போது ஐபிஏ என்றால் மனசில் வருவது.

பீரில் காபி கலப்பது புதுசா?

இல்லை. காபி கலந்த பீர் அமெரிக்காவில் 1990-களிலேயே வந்துவிட்டது. ஆனால் அது ஸ்டவுட், போர்ட்டர் போன்ற கருப்பு பீர்களில்.

இதில் ஒரு சுவாரஸ்யமான விஷயம் இருக்கிறது. ஸ்டார்பக்ஸ் நிறுவனர்களில் ஒருவர் கார்டன் பவுக்கர். சியாட்டிலில் ரெட்ஹுக் என்ற ப்ரூவரியைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவர்தான். அந்த ரெட்ஹுக், 1990-களின் நடுவில் ஸ்டார்பக்ஸ் காபி சேர்த்த ஒரு ஸ்டவுட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பிறகு மிச்சிகனின் ஃபவுண்டர்ஸ், டென்மார்க்கின் மிக்கெல்லர் என்று பல ப்ரூவரிகளின் காபி ஸ்டவுட்கள் உலகப் புகழ் பெற்றன.

ஸ்டவுட்டில் காபி ஏன் எளிதாக செட் ஆகிறது? காரணம் சிம்பிள். ஸ்டவுட்டின் கருப்பு நிறமே கருக வறுத்த பார்லியிலிருந்து வருவது. காபிக்கொட்டையும் வறுத்தது. ரெண்டும் ஒரே ஜாதி மணம். காபி போடாத ஸ்டவுட்டிலேயே காபி வாசனை அடிக்கும். அதனால் அங்கே யாருக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை.

அப்போ காபி ஐபிஏ எப்போது வந்தது?

எது முதல் என்று ஒரே ஒரு பீரைக் கைகாட்டுவது கஷ்டம். ஆனால் பலருடைய கவனத்துக்கு வந்தது 2011-ல். சிகாகோவில் வீட்டில் பீர் தயாரிப்பவர்களுக்கான போட்டி ஒன்றில் ஜெயித்த குழு ஆலிமேன். இந்தக் குழுவும், இல்லினாய்ஸின் டூ பிரதர்ஸ், கலிஃபோர்னியாவின் ஸ்டோன் ஆகிய ப்ரூவரிகளும் சேர்ந்து "டேமேன் காபி ஐபிஏ" என்ற பீரை வெளியிட்டன. ஆல்கஹால் அளவு 8.7 சதவீதம். சாதாரண பீரைவிட நல்ல ஸ்ட்ராங்.

டென்மார்க்கின் மிக்கெல்லர், ஸ்வீடனின் கோப்பி என்ற காபி ரோஸ்டருடன் சேர்ந்து காபி ஐபிஏ செய்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ரோக் ப்ரூவரி, ஸ்டம்ப்டவுன் நிறுவனத்தின் கோல்ட் ப்ரூ காபியை ஐபிஏவில் சேர்த்தது. இப்படி ஒவ்வொரு ஊரிலும் ஒரு ப்ரூவரியும் ஒரு காபி ரோஸ்டரும் கைகோத்து ஸ்பெஷலாக ஒரு பேட்ச் போடுவது வழக்கமானது.

வருஷம் முழுக்க விற்கும் பீராக காபி ஐபிஏவை வைத்திருக்கும் இடங்கள் குறைவு. பெரும்பாலும் சீசன் பீர், ஒருமுறை மட்டும் வரும் பீர். "செய்து பார்க்கலாமே" என்ற ஆசையில் பிறக்கும் பீர் அது என்பதற்கு இதுவே அடையாளம்.

ரெண்டு கசப்பும் ஒண்ணுதானா?

இல்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஹாப்ஸில் ஆல்ஃபா அமிலங்கள் என்று சில உண்டு. கொதிக்க வைக்கும்போது அவை ஐசோ-ஆல்ஃபா அமிலங்களாக மாறுகின்றன. பீரின் கசப்பு இதிலிருந்து வருகிறது. இதை ஐபியு என்ற அளவுகோலில் அளக்கிறார்கள். லேசான பிளாண்ட் ஏல் 15 முதல் 28. அமெரிக்க ஐபிஏ 40 முதல் 70.

காபியின் கசப்புக்கு கஃபீன்தான் காரணம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் காபியின் மொத்த கசப்பில் கஃபீனின் பங்கு சுமார் 15 சதவீதம்தான். ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்ப பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹாஃப்மன் குழு 2007-ல் இதை விளக்கியது. லைட், மீடியம் ரோஸ்ட் காபியில் குளோரோஜெனிக் அமில லாக்டோன்கள் கசப்பு தருகின்றன. இன்னும் கருக வறுத்தால் அவை உடைந்து ஃபினைல்இண்டேன்கள் உருவாகின்றன. இந்த ரெண்டாவது வகை கசப்பு முரடானது, நாக்கிலேயே தங்கிவிடுவது.

அதனால்தான் காபி ஐபிஏவுக்கு டார்க் ரோஸ்ட் காபி பெரும்பாலும் சரிப்பட்டு வருவதில்லை. லைட் ரோஸ்ட் காபியைத் தேடுகிறார்கள். குறிப்பாக எத்தியோப்பியா, கென்யா காபிகள். அவற்றில் கருகல் வாடைக்குப் பதிலாக பெர்ரி பழம், எலுமிச்சை, பூ மணம் இருக்கும். ஹாப்ஸில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே மணங்கள்தான். ரெண்டும் சந்திக்கும் இடம் கசப்பு இல்லை, பழ வாசனை.

இன்னொரு நுட்பமான விஷயம். நம் தமிழில் கசப்பு வேறு, துவர்ப்பு வேறு. பாகற்காய் கசக்கும், வாழைப்பூ துவர்க்கும். அறுசுவையில் ரெண்டுக்கும் தனித்தனி இடம். காபி ஐபிஏ சரியாக வராதபோது "ரொம்ப கசப்பு" என்று குறை சொல்பவர்கள் பல நேரம் குறிப்பிடுவது துவர்ப்பைத்தான். நாக்கு வறண்டு, இழுத்துப் பிடிக்கும் அந்த உணர்வு. ஹாப்ஸிலும் காபியிலும் இருக்கும் பாலிஃபீனால்கள் சேர்ந்துகொண்டால் துவர்ப்பு கூடிவிடும்.

எப்படி கலக்கிறார்கள்?

டிகாஷன் போட்டு பீரில் ஊற்றுவதாக நினைத்தால், அது அவ்வளவு எளிதல்ல. பொதுவாக மூன்று வழிகள் உண்டு.

* முழுக் கொட்டை: வறுத்த காபிக்கொட்டையை உடைக்காமல், தயாரான பீரில் ஊறப்போடுவது. ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். மணம் இறங்கும், நிறம் அதிகம் மாறாது. கண்ணுக்கு பொன்னிற பீர், மூக்குக்கு காபி.
* கோல்ட் ப்ரூ: குளிர்ந்த தண்ணீரில் பல மணி நேரம் ஊறவைத்து எடுத்த காபியை கடைசியில் கலப்பது. அளவைக் கட்டுப்படுத்த வசதியானது. ஆனால் நிறம் கருக்கும்.
* கொரகொரப்பாக அரைத்த தூள்: சீக்கிரம் சாறு இறங்கும். அதே வேகத்தில் துவர்ப்பும் இறங்கிவிடும் ஆபத்து உண்டு.

பீர் காய்ச்சும்போதே காபித்தூளைப் போட்டுக் கொதிக்க விடுவதைப் பெரும்பாலானோர் தவிர்க்கிறார்கள். ஏன் என்று நம் வீட்டு சமையலறையிலேயே தெரியும். டிகாஷனை மறுபடி அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் என்ன ருசி வரும்? அதே கதைதான்.

"நல்லா இருக்கு" என்பவர்கள் சொல்வது என்ன?

முதல் வாதம், ஆச்சரியம். கிளாஸைப் பார்த்தால் வெளிர் நிறம். மோந்தால் காபி. குடித்தால் முதலில் பழம், பிறகு காபி, கடைசியில் ஹாப்ஸ் கசப்பு. கண்ணும் மூக்கும் வேறு வேறு சொல்லும் அந்தக் குழப்பம்தான் மஜா என்கிறார்கள்.

இரண்டாவது வாதம், காபி பற்றியது. "ஸ்டவுட்டில் எந்தக் காபியைப் போட்டாலும் வறுத்த வாசனைக்குள் அமுங்கிவிடும். நல்ல எத்தியோப்பிய காபியின் பழ மணம் தெரிய வேண்டுமென்றால் வெளிர் பீர்தான் சரி" என்பது அவர்கள் நிலைப்பாடு. இதில் நியாயம் இருக்கிறது. கருப்பு பீரில் காபி கூட்டத்தோடு கூட்டம். ஐபிஏவில் அதன் குணம் தனியாகத் தெரியும்.

மூன்றாவது, பழக்கம். சர்க்கரை, பால் இல்லாமல் காபி குடித்துப் பழகியவர்களுக்கும், கசப்பான ஐபிஏ பிடித்தவர்களுக்கும் இந்த ருசி அந்நியம் இல்லை.

"வேண்டவே வேண்டாம்" என்பவர்கள் சொல்வது என்ன?

* மோதல்: ஹாப்ஸும் காபியும் ரெண்டுமே முன்னால் நிற்க விரும்பும் மணங்கள். ஒன்று விட்டுக்கொடுக்காவிட்டால் ரெண்டும் குழம்பிப் போகும். ஆரஞ்சு ஜூஸில் டிகாஷன் கலந்த மாதிரி இருக்கிறது என்பதுதான் இவர்கள் புகாரின் சாரம்.
* குடைமிளகாய் வாடை: காபி பீர்களில் அடிக்கடி வரும் புகார் இது. பச்சைக் காபிக்கொட்டையிலும் குடைமிளகாயிலும் ஒரே வகை பைரசின் வேதிப்பொருள் உண்டு. வறுக்கும் விதம், கொட்டையின் தரம், ஊறும் நேரம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஸ்டவுட்டில் இது ஓரளவு மறையும். ஐபிஏவில் மறைக்க இடமே இல்லை.
* ஆயுள்: ஹாப்ஸ் மணம் சில வாரங்களிலேயே மங்க ஆரம்பிக்கும். காபி மணமும் அப்படித்தான். ஆக்சிஜன் பட்டால் ரெண்டும் காலி. பழைய காபி ஐபிஏ என்பது ஆறிப்போன காபியும் பழைய பீரும் சேர்ந்தது மாதிரி.

கடைசி விஷயம் கவனிக்க வேண்டியது. ஒரே பீரை ஒருவர் புகழ்வதற்கும் இன்னொருவர் திட்டுவதற்கும் காரணம் ருசி வித்தியாசம் மட்டும் இல்லை. ஒருவர் குடித்தது புதுசு, இன்னொருவர் குடித்தது மூணு மாசம் கடை அலமாரியில் இருந்தது என்பதாகவும் இருக்கலாம்.

போட்டிகளில் இதை எந்தப் பிரிவில் சேர்க்கிறார்கள்?

வீட்டில் தயாரிக்கும் பீர்களுக்கான போட்டிகளில் பலரும் பின்பற்றுவது பிஜேசிபி என்ற அமைப்பின் விதிமுறைகள். அதன் 2021 பதிப்பில் ஐபிஏக்களுக்கு தனி இடம் உண்டு. ஆனால் காபி சேர்ந்துவிட்டால் மசாலா, மூலிகை, காய்கறி சேர்த்த பீர்கள் என்ற பிரிவுக்குப் போய்விடும். அதாவது காபி, மிளகாய், சாக்லேட், செம்பருத்தி எல்லாம் ஒரே வரிசை.

அந்தப் பிரிவில் நடுவர்கள் பார்ப்பது சமநிலையை. சேர்த்த பொருள் தெரிய வேண்டும், அடிப்படை பீரும் தெரிய வேண்டும். காபி மட்டும் தெரிந்தால் தோல்வி. காபியே தெரியாவிட்டாலும் தோல்வி.

முக்கியமான கேள்வி: காபி இருந்தால் போதை குறையுமா?

குறையாது. ஒரு துளி கூட குறையாது.

ஆல்கஹாலை உடைப்பது கல்லீரல். அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும். காபி அந்த வேகத்தைக் கூட்டாது. கஃபீன் செய்வது தூக்கக் கலக்கத்தை மறைப்பது மட்டும்தான். ரத்தத்தில் ஆல்கஹால் அளவு அப்படியே இருக்கும், ஆனால் "நான் ஸ்டெடியா இருக்கேன்" என்ற எண்ணம் வரும். அதனால் கூடுதலாகக் குடிப்பதும், வண்டி எடுப்பதும் நடக்கிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி எச்சரிப்பதும் இதைத்தான்.

2010 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, ஆல்கஹால் பானங்களில் கஃபீனைத் தனியாகச் சேர்த்து விற்ற நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அப்போது பரபரப்பாகப் பேசப்பட்ட "ஃபோர் லோகோ" என்ற பானமும் அதில் ஒன்று. அதன்பிறகு அந்த நிறுவனம் தன் பானத்திலிருந்து கஃபீனை நீக்கியது.

அப்படியென்றால் காபி பீருக்கும் தடையா? இல்லை. அந்த நடவடிக்கை கஃபீனைத் தனி வேதிப்பொருளாகச் சேர்த்த பானங்கள் மீதானது. காபி போன்ற இயற்கைப் பொருளிலிருந்து சிறிய அளவில் கஃபீன் வரும் பானங்களை எஃப்டிஏ அந்தக் கடிதங்களில் குறிவைக்கவில்லை.

ஒரு கப் காபியில், அதாவது சுமார் 240 மில்லியில், ஏறக்குறைய 95 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். காபி பீரில் பொதுவாக அதைவிடக் குறைவு. ஆனால் எவ்வளவு என்பது ப்ரூவரிக்கு ப்ரூவரி மாறும். பெரும்பாலான லேபிள்களில் கஃபீன் அளவு போட்டிருக்காது. கஃபீனில் பாதி உடம்பைவிட்டு வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆல்கஹாலும் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். ரெண்டும் ஒண்ணா சேர்ந்தால் அந்த ராத்திரி தூக்கம் கேள்விக்குறிதான்.

"பீர்தானே" என்று நினைக்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு "ஸ்டாண்டர்ட் டிரிங்க்" என்பது 14 கிராம் சுத்தமான ஆல்கஹால். 5 சதவீத பீர் 355 மில்லி குடித்தால் அந்த அளவு வரும்.

* அதே 355 மில்லியில் 7.5 சதவீத ஐபிஏ என்றால் சுமார் 21 கிராம். ஒன்றரை டிரிங்க்.
* 8.7 சதவீதம் என்றால் சுமார் 24 கிராம். ஒண்ணே முக்கால் டிரிங்க்.

அதாவது ஸ்ட்ராங்கான காபி ஐபிஏ ரெண்டு கேன் குடித்தவர், சாதாரண பீர் மூன்றரை கேன் குடித்தவருக்குச் சமம். ஆனால் காபி வாசனை காரணமாக அவருக்கு அது உறைக்காமல் போகலாம்.

நம் நாட்டில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி குற்றம். முதல் முறை சிக்கினால் 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். "காபி பீர்தான் சார் குடிச்சேன்" என்றால் ஊதிப் பார்க்கும் மெஷின் கேட்காது.

இந்தியாவில் கிடைக்குமா?

பெங்களூரு போன்ற மைக்ரோ ப்ரூவரி நகரங்களில் காபி சேர்த்த பீர்கள் மெனுவில் வருவது உண்டு. அங்கும் பெரும்பாலும் ஸ்டவுட்தான். காபி ஐபிஏ அபூர்வம்.

வெளிநாட்டிலோ வெளியூரிலோ இதை எதிர்கொள்பவர்கள் லேபிளிலோ மெனுவிலோ மூன்று விஷயங்களைப் பார்ப்பது நல்லது. ஒன்று, ஏபிவி எனப்படும் ஆல்கஹால் சதவீதம். இரண்டு, தயாரித்த தேதி. மூன்று, காபி சேர்த்திருக்கிறதா என்பது. நிறம் வெளிர் என்பதால் காபி இல்லை என்று முடிவு செய்ய முடியாது. கஃபீன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

மொத்தத்தில்?

காபி ஐபிஏ நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு ஒரே பதில் இல்லை. லைட் ரோஸ்ட் காபி, குறைந்த ஊறல் நேரம், புதுசாக இருப்பது என்ற மூன்றும் அமைந்தால் பிடிப்பவர்களுக்குப் பிடிக்கிறது. ஏதாவது ஒன்று தவறினாலும் குறை சொல்பவர்கள் சொல்வது சரியாகிவிடுகிறது. ருசி விஷயத்தில் ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆனால் போதை விஷயத்தில் ரெண்டு பக்கம் கிடையாது. காபி தூக்கத்தைத்தான் விரட்டும், போதையை இல்லை. மது அருந்துவதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை காபி கலந்த பீருக்கும் சேர்த்துத்தான்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு. குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள்.)